சாமந்திப் புகை

மயிலாப்பூர்க் கொசுக்களைப் பற்றி எழுதப் புகுந்தால் இந்தப் புத்தகம் போதாது. ஆகவே, அவற்றின் மீது என் தாயார் தொடுத்த யுத்தத்தை மட்டும் சொல்லுகிறேன்.

சுவாமி படங்களுக்குச் சாத்திய சாமந்திச் சரங்களை அம்மா எறிய மாட்டாள். வெயிலில் உலர்த்தி, சாயங்காலம் தணலில் போட்டு, வீடு முழுவதும் புகை காட்டுவாள். "சாமந்திக்குக் கொசு நிற்காதுடா!" என்பாள். கொசுக்கள் நின்றன, நாங்கள்தான் இருமிக்கொண்டு திண்ணைக்கு ஓடினோம். ஒரு வருஷம் என் தங்கை குளிர்சுரத்தில் படுத்துவிட்டாள். கல்லூரியில் ரசாயனம் படிக்கும் கர்வத்தில், "உன் பூவும் புகையும் என்ன கிழித்தன?" என்று கேட்டுவிட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. மறுநாள் முதல் வீட்டில் புகை இல்லை.

அவள் சொன்னது பாதி சரி என்பது எனக்கு வெகு காலம் கழித்தே தெரிந்தது. சாமந்திக்கு ஓர் ஒன்றுவிட்ட சகோதரி உண்டு; பெயர் பைரீத்ரம். ஐரோப்பாவில் டால்மேஷியா கரையோரத்து மலைகள் அதன் பிறந்தகம். வெள்ளை இதழ், மஞ்சள் நடு. உலர்த்திப் பொடித்தால் பூச்சிகளுக்கு யமன். ஜப்பானில் எயிச்சிரோ உயேயாமா என்பவர் 1890-ல் இந்தப் பொடியை வத்தியாகத் திரித்தார். வத்தி சீக்கிரமே எரிந்து தீர்ந்தது. பாம்பு மாதிரி சுருட்டினால் என்ன என்று யோசனை சொன்னவர் அவர் மனைவி யூகி. கொசுவத்திச் சுருளின் பூர்வ கதை இதுதான்.

நம் நாட்டிலும் இந்தப் பூவுக்குச் சரித்திரம் உண்டு. 1934-ல் மேட்டூர் அணை திறந்தது. புதுக் கால்வாய்த் தண்ணீரோடு பட்டுக்கோட்டைச் சீமைக்கு மலேரியாவும் வந்தது. ராக்பெல்லர் ஸ்தாபனத்தைச் சேர்ந்த பால் ரஸல் அங்கே முகாமிட்டு, பைரீத்ரச் சாற்றை வீடுகளுக்குள் தெளித்துக் கொசுக்களைக் கொன்று நோயைக் குறைக்க முயன்றார். யுத்தத்துக்குப் பிறகு டி.டி.டி. வந்தது, பூவின் கதை பின்னுக்குப் போயிற்று.

அப்படி என்ன இருக்கிறது அந்தப் பூவில்? செடிகள் ஐந்து கார்பன் அணுக்கள் கொண்ட துண்டுகளைப் பூத்தொடுப்பது போல் கோத்து, டெர்ப்பீன் என்ற வாசனைச் சரக்குகளைச் செய்கின்றன. வழக்கமாக ஒன்றின் தலையை மற்றதன் வாலோடு முடியும். நம் சாமந்தியின் கற்பூர நெடி அப்படி உண்டானதுதான். பைரீத்ரமோ தலையை நடுவில் முடிந்து, ஒரு முக்கோண வளையம் போட்டுவிடுகிறது. இப்படிப் பிறக்கும் அமிலத்தின் அமைப்பை ஸ்டாடிங்கரும் ருஸிக்காவும் 1924-ல் வெளியிட்டார்கள். அந்த முடிச்சைப் போடும் நொதியின் மரபணு 2001-ல்தான் கைக்கு அகப்பட்டது.

மருந்தின் மறு பாதி இன்னும் வேடிக்கை. அது மல்லிகை மணத்தில் உள்ள ஜாஸ்மோனுக்கு உறவு! இரண்டும் பூவின் சூலகத்தில் சேர்ந்த பிறகே கொசுவின் நரம்பைத் தாக்கும் விஷமாகிறது. மாட வீதிப் பூக்காரி மல்லியையும் சாமந்தியையும் ஒரே நாரில் தொடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவு வருகிறது. அம்மா ஒரு முடிச்சுதான் தவறவிட்டாள்.

அவள் காலமான பிறகு இதைத் தங்கையிடம் சொல்லி வருத்தப்பட்டேன். அவள் சிரித்தாள்.

"நிறுத்தினாள் என்றா நினைத்தாய், அண்ணா? நீ காலேஜுக்குப் போனதும் போடுவாள். நீ வருவதற்குள் ஜன்னல்களைத் திறந்துவிடுவாள்."