சுருங்கிய ஈரலும் கதிரும்: ஒரு நூற்பா உரை

சுருங்கிய ஈரலுட் புற்றினைச் சுடுமுன்
எஞ்சிய நல்லூன் எத்துணை எனத்தேர்ந்து
அதற்கும் அஞ்சி அளக்க கதிரே.

இது, கல்லீரல் சுருங்கினார்க்கு வந்த புற்றைக் கதிரால் தீர்க்கப் புகும் மருத்துவர்க்கு வரம்பு கூறுகின்றது.

சுருங்கிய ஈரலுள் என்பது, குடியாலோ, பி, சி வகை வைரஸ்களாலோ, கொழுப்பாலோ நெடுநாள் புண்பட்டுத் தழும்பேறி முடிச்சு முடிச்சாய் இறுகிய கல்லீரலுள் என்றவாறு. இதனைச் சிரோசிஸ் என்ப. வாளா 'ஈரலுள்' என்னாது அடைகொடுத்து ஓதினார், நோயாளி இருநோய் உடையர் என்பது தோன்ற. நலமுள்ள ஈரல் ஒரு பகுதி வெட்டுண்டாலும் மீள வளரும். தழும்பேறியது அவ்வாற்றல் குன்றியது. எனவே ஒருவர் தாங்கும் கதிரை மற்றவர் தாங்கார் என்க.

புற்றினைச் சுடுமுன்: சுடுதல் ஈண்டுத் தீயால் அன்று, உலகோர் 'கரண்ட் வைத்தல்' எனும் கதிர்ச்சிகிச்சை. 'முன்' என்ற சொல்லே இவ்வடியின் உயிர். கதிரால் ஈரல் கெட்டபின் அதனை மாற்றும் தனி மருந்து இன்மையின், காவல் எல்லாம் முன்னரே வேண்டும். பி வைரஸ் உடையார்க்கு அது மீண்டும் கிளராதிருக்க மருந்து முற்படத் தொடங்குதலும் இதனுள் அடங்கும்.

எஞ்சிய நல்லூன் எத்துணை: 'எத்துணை' என்பது பருமனும் திறனும் ஒருங்கு குறித்தது. பருமனாவது, மூன்று தவணைச் சிகிச்சையில் 700 கன சென்டிமீட்டர் ஈரலேனும் 15 கிரே என்னும் கதிரளவுக்குக் குறைவாகப் பெறுதல். இவ்வரம்பு பிற உறுப்பிலிருந்து ஈரலுக்குப் பரவிய புற்றுடையாரிடம் கண்டது; சுருங்கிய ஈரலார்க்கு இதுவே அமையும் எனக் கொள்ளற்க. திறனாவது சைல்டு-பியூ மதிப்பெண். பிலிருபின், ஆல்புமின், இரத்தம் உறையும் நேரம், வயிற்றுநீர், மூளைக்கலக்கம் என்னும் ஐந்தும் நோக்கி இடுவது. 5, 6 பெற்றார் ஏ, 7 முதல் 9 வரை பி, அதன்மேல் சி. ஏ நிலையார் கதிர்க்கு உரியர்; பி நிலையார்க்கு அளவு குறைத்தல் வேண்டும்; சி நிலையார்க்குப் பெரும்பாலும் கொடார்.

அதற்கும் அஞ்சி: உம்மை, புற்றுக்கு அஞ்சுதலேயன்றி நல்லூனுக்கும் என இறந்தது தழீஇயது. அச்சம் யாதெனின், கதிரால் வரும் ஈரல்நோய். அது இருவகைத்து. ஒன்று, ஈரலின் நுண்சிரைகள் அடைபட, காமாலை இன்றியே ஈரல் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, ஆல்கலைன் பாஸ்படேஸ் என்னும் நொதி இயல்பின் இருமடங்கைக் கடப்பது. மற்றையது, ஈரல் நொதிகள் இயல்பின் ஐம்மடங்கைக் கடப்பதோ சைல்டு-பியூ மதிப்பெண் இரண்டேனும் ஏறுவதோ ஆம். சுருங்கிய ஈரலார்பால் மிகுதியும் காணப்படுவது இது. இவை பெரும்பாலும் சிகிச்சையின்போது தோன்றா. முடிந்து இரண்டு கிழமை முதல் நான்கு திங்களுள், நோயாளி தேறினோம் என்றிருக்கும் காலத்தே தோன்றும். ஆதலின் அக்காலம் முழுதும் இரத்தச் சோதனை வேண்டும்.

அளக்க கதிரே: அளக்க என்பது வியங்கோள், ஏகாரம் ஈற்றசை. நாளொன்றுக்கு 2 கிரேயாகக் கொடுக்குங்கால், ஈரலிற் பிறந்த புற்றுடையார்க்கு புற்று நீங்கிய நல்லீரல் பெறும் சராசரி 28 கிரேக்கு மேற்படாமை ஓர் அளவு. மூச்சுக்கு ஈரல் ஏறி இறங்குதலின், அவ்வசைவையும் அளத்தல் இதன்பாற் படும். அளவாதவழி அருகிருந்த இரைப்பையும் சிறுகுடலும் புண்படும்.

அஞ்சுதலாவது கதிரை ஒழித்தல் அன்றோ எனின், அன்று. 'விடுக' என்னாது 'அளக்க' என்றமையின், ஏ நிலையார்க்கு அச்சம் ஒன்றே பற்றிக் கதிர் மறுத்தல் ஆசிரியர் கருத்தன்று.