சில்லிசை: குறையிலிருந்து பிறந்த கலையின் வரலாறு



பள்ளி விடுமுறைக்கு முந்திய வாரம், மாணவர் ஒருவர் தம் தந்தையாரின் பழைய 'கேம் பாய்' விளையாட்டுக் கருவியை வகுப்பிற்குக் கொண்டுவந்தார். நான்கு மின்கலங்களை இட்டு இயக்கியவுடன், அதன் சிறிய ஒலிபெருக்கியிலிருந்து கீச்சிட்டு எழுந்த இசையைக் கேட்டு வகுப்பே சிரித்தது. ஆனால், தந்தையார் சேமித்து வைத்திருந்த ஆட்டத்தை மட்டும் அதில் காணவில்லை. "யாரும் தொடவே இல்லை ஐயா, எப்படி அழிந்தது?" என்று கேட்டார் அம்மாணவர். அவருக்குச் சொன்ன விடையை இக்கட்டுரையின் இறுதியில் தருகிறேன். அதற்கு முன்பு, நாங்கள் கேட்டுச் சிரித்த அந்த இசைக்கு ஒரு வரலாறு உண்டு என்பதைப் பார்ப்போம்.

சில்லிசை என்பது யாது?

ஆங்கிலத்தில் 'சிப்டியூன்' எனப்படும் இதனைச் 'சில்லிசை' என்று தமிழில் வழங்கலாம். குறுந்தட்டில் இருப்பது முன்பே பாடிப் பதிவு செய்த ஒலி. சில்லிசையில் அவ்வாறு பதிவு எதுவும் இல்லை. எந்தச் சுரம், எவ்வளவு நேரம், எவ்வளவு உரப்பு என்னும் கட்டளைகள் மட்டுமே உள்ளன. அவற்றைப் படித்து, அந்தந்த நொடியில் ஒலியை உண்டாக்குவது கருவியில் உள்ள சில்லு. ஆகவே, அச்சில்லையே ஓர் இசைக்கருவி என்று கொள்ளலாம்.

கணினியை இசைக்கருவியாக்கும் எண்ணம் மிகப் பழையது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்த 'ஃபெராண்டி மார்க் 1' கணினியில், இயக்குபவருக்குக் குறிப்புக் காட்டுவதற்காக ஓர் ஒலிப்பான் பொருத்தப்பட்டிருந்தது. அதனை விரைவாகத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்தால் சுரம் பிறக்கும் என்று ஆலன் டூரிங் தம் கையேட்டில் விளக்கினார். அதனைக் கொண்டு கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி பிரித்தானிய நாட்டுப்பண்ணை இசைக்கச் செய்தார். 1951ஆம் ஆண்டு பிபிசி நிறுவனம் அங்கே சென்று கணினியின் இசையைப் பதிவு செய்தது. எச்சரிக்கை ஒலிக்காக வைத்த பொருள் பாடத் தொடங்கிய கதை இது.

மூன்றே குரல்கள்

1982ஆம் ஆண்டு வெளிவந்த 'கமடோர் 64' வீட்டுக் கணினி, உலகெங்கும் ஒரு கோடிக்கு மேல் விற்பனையானது. அதன் ஒலிச் சில்லின் பெயர் 'சிட்'. அதனை வடிவமைத்தவர் பாப் யான்னஸ் என்னும் இளம் பொறியாளர். அக்காலத்து ஒலிச் சில்லுகளில் பெரும்பாலானவை வெறும் 'பீப்' ஒலிக்கே உதவின. இசையில் ஈடுபாடு கொண்டிருந்த யான்னஸ், உண்மையான மின்னிசைக் கருவி ஒன்றையே சில்லுக்குள் அடக்க முயன்றார். ஆயினும் அதில் அமைந்தவை மூன்று குரல்களே. ஒரே நேரத்தில் மூன்று சுரங்களுக்கு மேல் எழுப்ப இயலாது.

மூன்று குரலில் மெட்டும், அடிநாதமும், தாளமும் அமைய வேண்டும். போதாக்குறைக்கு, விளையாட்டில் வெடிச்சத்தம் வந்தால் அதற்கும் ஒரு குரலைக் கொடுத்தாக வேண்டும்! இந்நிலையில் ராப் ஹப்பார்ட், மார்ட்டின் கால்வே முதலியோர் ஒரு வழி கண்டனர். மூன்று சுரங்களை ஒருசேர ஒலிக்க மூன்று குரல் வேண்டும் அல்லவா? அவற்றை ஒரே குரலில் நொடிக்கு ஏறத்தாழ 50 முறை மாற்றி மாற்றி ஒலித்தால், காது அவற்றைச் சேர்த்தே கேட்கும். சில்லிசைக்கே உரிய அந்தச் 'சிலிர்ப்பு' ஒலி இவ்வாறு பிறந்தது. ஹப்பார்ட் தம் இசையை ஏட்டில் எழுதவில்லை. இயந்திர மொழிக் கட்டளைகளாகவே எழுதினார். இசையமைப்பாளரும் நிரலாளரும் ஒருவராகவே இருந்த காலம் அது.

இன்னொரு செய்தி மேலும் வியப்பிற்குரியது. 'சிட்' சில்லில் ஒரு பழுது இருந்தது. ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கும்போதெல்லாம் 'டக்' என்று ஓர் ஓசை கேட்கும். அந்த ஓசையையே மிக விரைவாக எழுப்பி, மேளம் போன்ற பதிவொலிகளை உண்டாக்கலாம் என்று கண்டுகொண்டனர். கால்வே 1987இல் 'ஆர்க்கனாய்டு' விளையாட்டின் இசையில் இதனைக் கையாண்டார். பின்னர் வந்த புதிய சில்லில் பொறியாளர்கள் அப்பழுதைச் சரிசெய்தனர். விளைவு? பழைய பாடல்களின் மேள ஒலி அதில் ஏறத்தாழ மறைந்தே போயிற்று!

ஏழு சீருக்குள் அடங்க வேண்டும் என்னும் கட்டு இல்லையேல் குறள் வெண்பாவிற்குச் செறிவு ஏது? மூன்று குரல் என்னும் கட்டு, சில்லிசைக்கு யாப்பாக அமைந்தது.

பெயர் வந்த கதை

இக்கலை பரவிய வழி முற்றிலும் நேரியது என்று சொல்வதற்கில்லை. விளையாட்டு வட்டுகளின் பூட்டை உடைத்துப் படியெடுத்த இளைஞர் குழுக்கள், தம் பெயரைப் பறைசாற்றும் முகப்புத் திரைகளைத் தொடக்கத்தில் சேர்த்தன. வட்டில் எஞ்சிய சிறு இடத்திற்குள் அத்திரைக்கான இசையும் அடங்க வேண்டியிருந்தது. காலப்போக்கில் பலர் பூட்டுடைப்பைக் கைவிட்டு, படமும் இசையும் படைப்பதிலேயே போட்டியிடலாயினர். 'டெமோசீன்' எனப்படும் கலை வட்டம் அவ்வாறு உருவாயிற்று.

1987ஆம் ஆண்டு கார்ஸ்டன் ஒபார்ஸ்கி, 'அமீகா' கணினிக்காக 'அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்' என்னும் மென்பொருளை உருவாக்கினார். நான்கு பத்திகளில் எண்ணும் எழுத்தும் மேலிருந்து கீழாக நகரும், அதுவே இசைக்குறிப்பு. 'கமடோர் 64' ஒலியைப் போன்று அமீகாவில் செய்யப்பட்ட மிகச் சிறிய கோப்புகளுக்கே 'சிப்டியூன்' என்னும் பெயர் வழங்கியது. பின்னரே அது இவ்வகை இசை அனைத்துக்கும் பொதுப்பெயராயிற்று.

கையடக்கக் கருவியில் கச்சேரி

நின்டெண்டோ நிறுவனம் 1989இல் வெளியிட்ட 'கேம் பாய்' கருவியில் நான்கு ஒலித்தடங்கள் உள்ளன. இரண்டு, துடிப்பலை எழுப்பும். மூன்றாவதில் 32 புள்ளிகளால் நாமே ஓர் அலையை வரைந்து கொள்ளலாம். நான்காவது வெறும் இரைச்சல்; அதனைத் துண்டு துண்டாக வெட்டினால் அதுவே தாளம்.

அக்கருவி விளையாடுவதற்கென்றே விற்கப்பட்டது. 1998ஆம் ஆண்டு, ஜெர்மனியின் ஹாம்பர்க் கலைக் கல்லூரி மாணவர் ஆலிவர் விட்சோவ், அதில் இசையமைப்பதற்காக 'நானோலூப்' என்னும் நிரலைப் படைத்தார். அதனைத் தொடர்ந்து, சுவீடனைச் சேர்ந்த யோஹான் கோட்லின்ஸ்கி 'லிட்டில் சவுண்ட் டிஜே' என்னும் நிரலை உருவாக்கினார். பழைய பொருள் கடைகளில் கிடந்த கருவிகள் மேடையேறின. 2006 முதல் நியூயார்க்கில் 'பிலிப் விழா' நடைபெற்றது. 2012இல் தோக்கியோவில் நடந்ததோடு அவ்விழா நிறைவுற்றது. ஆயினும் இசை நிற்கவில்லை.

காப்பவர் யார்?

இனி, மாணவரின் வினாவிற்கு வருவோம். கேம் பாய் கேசட்டுகள் பலவற்றின் உள்ளே காசு வடிவில் ஒரு சிறு மின்கலம் உண்டு. சேமித்தவற்றை நினைவில் தாங்குவது அதுவே. ஆண்டுகள் செல்லச் செல்ல அது தீர்ந்துவிடும்; தீர்ந்தால் நினைவும் அழியும். கேம் பாயில் அமைக்கப்பட்ட பாடல்கள் பலவும் இத்தகைய மின்கலத்தை நம்பியே இருந்தன. கணினிக்குப் படியெடுக்க மறந்தவர், தம் பாடலை ஓசையின்றி இழந்தார். மாணவரின் தந்தையார் இழந்தது ஓர் ஆட்டத்தை. வேறு சிலர் இழந்தது தம் படைப்பை.

இவ்விழப்பைத் தடுக்க முனைந்தவர்களில் பெரும்பாலோர் ஊதியம் பெறாத ஆர்வலர்களே. 'ஹை வோல்டேஜ் சிட் கலெக்ஷன்' என்னும் தொகுப்பில், 50,000க்கும் மேற்பட்ட கமடோர் பாடல்களைத் தன்னார்வலர்கள் திரட்டி, இயற்றியவர் பெயரோடு காத்து வருகின்றனர். அவற்றில் ஒலிப்பதிவு இல்லை. சில்லை இசைக்க வைக்கும் நிரலே இருக்கிறது. அரசுகளின் ஏற்பு பின்னரே வந்தது. 2020இல் பின்லாந்தும் 2021இல் ஜெர்மனியும் டெமோசீன் கலையைத் தத்தம் நாட்டின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தன.

ஓலைச்சுவடிகளைக் கறையானுக்குக் கொடுத்த வரலாறு உடையவர்கள் நாம். படைப்பைத் தாங்கும் பொருள் நலிவடையும் முன்பே படியெடுத்தாக வேண்டும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு பழைய கருவி உறங்கிக் கொண்டிருக்கலாம். தூக்கி எறியும் முன்பு ஒருமுறை இயக்கிப் பாருங்கள். உள்ளே இருப்பதை இன்றே படியெடுத்து வையுங்கள்.

அம்மாணவர் விடுமுறை முடிந்து திரும்பும்போது, கேசட்டிற்குப் புதிய மின்கலம் பொருத்தி வருவதாகச் சொல்லியிருக்கிறார். பழைய ஆட்டம் திரும்பாது என்று அவருக்குத் தெரியும். இனிச் சேமிப்பதாவது நிலைக்கட்டும் என்றார்.