மீன் தொட்டியும் ஆற்று நீரும்

கொழுப்பிலிருந்தோ எண்ணெயிலிருந்தோ பிறந்த பொருள் என்றால், அது உண்ணும் உணவுக்கு உறவு. ஆகவே உயிர்களுக்குத் தீங்கு செய்யாது என்று எண்ணுவது மக்களின் இயல்பு. இந்த நம்பிக்கையை மீன்களின் முன் நிறுத்திச் சோதித்த வரலாறு ஒன்று உண்டு. துணி துவைக்கும் ஒவ்வோர் இல்லத்தோடும், அந்த நீர் சென்று சேரும் ஒவ்வோர் ஆற்றோடும் தொடர்புடைய அவ்வரலாற்றை இங்கே காண்போம்.

கொழுப்பு என்பது கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்த கூட்டுப்பொருள் என்ற உண்மையை நிறுவியவர் பிரெஞ்சு நாட்டு வேதியியல் அறிஞர் செவ்ரல். அவருடைய ஆராய்ச்சி நூல் 1823இல் வெளிவந்தது. கொழுப்பைப் பகுத்தால் பல புதிய பொருள்களை ஆக்கலாம் என்ற வழி அதனால் திறந்தது. இருபதாம் நூற்றாண்டில் மாட்டுக் கொழுப்பின் அமிலங்களை அம்மோனியாவோடு சேர்த்து, மேலும் சில மாற்றங்களுக்கு உட்படுத்தி, டைடாலோ டைமீத்தைல் அம்மோனியம் குளோரைடு என்னும் நீண்ட பெயருடைய பொருளைச் செய்தார்கள். துவைத்த துணியை மென்மையாக்க மேலை நாடுகளில் அது பெரிதும் பயன்பட்டது. அதன் மூலக்கூறு நேர் மின்னூட்டம் உடையது. துணியின் இழையோ எதிர் மின்னூட்டம் உடையது. ஆகவே அது இழையில் ஒட்டிக்கொண்டு துணிக்கு மென்மை தருகிறது.

துணியில் ஒட்டும் பொருள் மீனின் செவுளிலும் ஒட்டுமன்றோ? செவுள் பழுதுபட்டால் மீன் மூச்சுவிட இயலாது. எவ்வளவு கலந்தால் எத்தனை மீன் மடியும் என்பதைக் கணக்கிட்டறிய ஒரு முறை தேவைப்பட்டது. அதற்கு அடிப்படையான கருத்தை 1927இல் ஆங்கில அறிஞர் டிரெவன் மருந்துகளின் வீரியத்தை அளப்பதற்காக வகுத்தார். சோதிக்கப்படும் உயிர்களில் பாதியைக் கொல்லும் அளவையே அளவுகோலாகக் கொள்க என்பது அவர் கருத்து. மீன் சோதனையும் அவ்வழியில் அமைந்தது. பல தொட்டிகளில் வெவ்வேறு செறிவில் பொருளைக் கலந்து, 96 மணி நேரம், அதாவது நான்கு நாட்கள் மீன்களைக் கவனிப்பார்கள். பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு இச்சோதனையை 1981இல் நெறிப்படுத்தியது. ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராமோ அதற்குக் குறைவோ இருந்தாலே பாதி மீன்கள் மடியுமானால், இன்றைய உலகப் பொது வகைப்பாட்டில் அப்பொருள் கடும் நஞ்சின் முதற் பிரிவில் சேரும்.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. ஆய்வுக்கூடத்தின் தெளிந்த நீரில் மேற்சொன்ன கொழுப்புப் பொருள் மிகச் சிறிய அளவிலேயே மீன்களைக் கொன்றது. ஆற்று நீரிலோ அதே விளைவுக்குப் பல மடங்கு கூடுதலாக வேண்டியிருந்தது. ஆற்றில் மிதக்கும் வண்டலும் மட்கிய பொருளும் அதனைப் பற்றிக்கொண்டு, செவுளை அடையாதபடி தடுத்தன. இவ்விரு எண்களில் எது மெய்? ஆற்றில் வாழும் மீனுக்கு ஆற்று நீரின் எண்ணே பொருந்தும் என்று வாதிடலாம். வண்டலைக் காவலாக நம்பி நஞ்சை அவிழ்த்துவிடலாமா என்று எதிர்வாதமும் செய்யலாம். இரண்டிலும் நியாயம் உண்டு.

1990ஆம் ஆண்டையொட்டி நெதர்லாந்தில் இப்பொருள் பெரும் விவாதத்திற்கு உள்ளாயிற்று. அது எளிதில் சிதையாமல் கழிவுச் சேற்றிலும் ஆற்றடி மண்ணிலும் தங்கிவிடும் என்பதே கவலையை மிகுவித்தது. விரைவில் ஐரோப்பிய உற்பத்தியாளர்கள் எஸ்டர்குவாட் என்னும் வகைக்கு மாறினர். இதுவும் கொழுப்பிலிருந்தே பிறப்பது. மீன்களுக்கு முற்றிலும் தீங்கற்றது என்றும் சொல்வதற்கில்லை. ஆனால் இதன் மூலக்கூற்றில் எளிதில் அறுபடும் கண்ணிகள் உள்ளன. நுண்ணுயிர்கள் இதனை விரைவில் சிதைத்துவிடுகின்றன. நான்கு நாள் சோதனையின் எண் மட்டும் தீர்ப்பளிக்கவில்லை. ஐந்தாம் நாளுக்குப் பின் பொருள் என்ன ஆகும் என்ற கேள்வியும் தீர்ப்பில் பங்கு பெற்றது.

நம் நாட்டிற்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. கங்கையின் மீன்களைப் பற்றி ஹாமில்டன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் 1822இல் வெளியிட்ட நூலில், உடலில் வரிகளுடைய சிறு மீனொன்றை விவரித்தார். அந்த வரிக்குதிரை மீனே இன்று உலகின் ஆய்வுக்கூடங்களில் பரவலாகப் பயன்படுகிறது. வளர்ந்த மீன்களை வருத்தாமல் அதன் கருவைக் கொண்டு சோதிக்கும் முறை 2013இல் ஏற்கப்பட்டது. மற்றொரு மீனின் செவுள் உயிரணுக்களைக் கொண்டு சோதிக்கும் முறை 2021இல் வந்தது. நம் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தரமோ, வேறு நீர் கலவாத ஆலைக் கழிவுநீரில் 96 மணி நேரத்திற்குப் பின் 90 விழுக்காடு மீன்கள் உயிரோடிருக்க வேண்டும் என்கிறது.

யமுனைக் கரையிலோ ஹூக்ளிக் கரையிலோ தபதிக் கரையிலோ குடியமர்ந்து வாழும் நாம், ஒரு பொருள் மீன் சோதனையில் தேறியது என்ற செய்தியைப் படிக்க நேர்ந்தால், மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுதல் நலம்: எந்த நீரில் சோதித்தார்கள்? எத்தனை நாள் பார்த்தார்கள்? அதன் பின் அப்பொருள் எங்கே போயிற்று? எதிலிருந்து செய்யப்பட்டது என்ற கேள்வி இம்மூன்றுக்கும் பின்னரே வரும்.