ஆமோஸின் தொழிலும் காட்டத்தியின் மலரும்

கி.மு. 8ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இரண்டாம் எரொபெயாம் இஸ்ரவேலை ஆண்ட நாட்களில், பெத்தேலின் அரச ஆலயத்தில் இருவர் எதிரெதிரே நின்றனர். ஒருவன் அவ்வாலயத்தின் ஆசாரியனாகிய அமத்சியா. மற்றவர் யூதாவின் தெக்கோவாவிலிருந்து வந்த ஆமோஸ். சொந்த நாட்டுக்கு ஓடிப்போய், அங்கே தீர்க்கதரிசனம் உரைத்து வயிறு வளர்க்கும்படி அமத்சியா அவரை விரட்டினான். அதற்கு மறுமொழியாக ஆமோஸ் தம் தொழிலைக் கூறினார். மந்தையோடு தமக்குள்ள தொடர்பை முதலிலும், காட்டத்தியோடு தமக்குள்ள தொடர்பை அடுத்தும் சொன்னார் (ஆமோஸ் 7:10-17).

இவ்விரண்டாம் தொழிலைக் குறிக்க எபிரெய மூலத்தில் வரும் சொல் ‘போலேஸ்’ என்பதாகும். பழைய ஏற்பாடு முழுவதிலும் இச்சொல் இவ்வோரிடத்தில் மட்டுமே காணப்படுகிறது. ஆதலின் பிற வசனங்களோடு ஒப்பிட்டுப் பொருள் துணிய வழியில்லை. நம் சபைகளில் வழங்கும் பழைய தமிழ்த் திருப்புதல் இதனைப் ‘பொறுக்குகிறவன்’ என்று பெயர்த்துள்ளது. பொறுக்குதல் என்றவுடன், தரையில் உதிர்ந்து கிடப்பதைக் குனிந்து எடுப்பதே தமிழ்ச் செவிக்குப் புலப்படும். எனவே நம் பிரசங்க மேடைகளில் ஆமோஸ், உடைமை யாதுமின்றிக் காட்டில் விழுந்த கனியைத் தேடித் திரிந்த ஏழையாகவே பெரும்பாலும் சித்திரிக்கப்படுகிறார். இச்சித்திரம் சரிதானா? இதற்கு விடை காண அகராதி மட்டும் போதாது. அம்மரத்தின் மலரையும் அது காய்க்கும் முறையையும் அறிதல் வேண்டும்.

1. மறைந்திருக்கும் மலர்

அரிதாக நிகழ்வதை ‘அத்தி பூத்தாற்போல’ என்று தமிழர் கூறுவர். உண்மையில் அத்தி அரிதாகப் பூப்பதன்று. ஆண்டில் பன்முறை பூக்கிறது. அதன் பூ கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே செய்தி. நாம் அத்திப் பிஞ்சு என்று கருதுவது, உள்ளே குடைவாக அமைந்த சதைப்பற்றான ஒரு பூங்கொத்து. அதன் உட்சுவரெங்கும் நுண்ணிய பூக்கள் நூற்றுக்கணக்கில் உள்நோக்கி நிற்கின்றன. வெளியுலகுக்கு உள்ள வாயில் நுனியிலுள்ள ஒரு சிறு துளையே. அதனையும் செதில்கள் நெருங்கி அடைத்துள்ளன. காற்று மகரந்தத்தை உள்ளே கொண்டுசெல்ல இயலாது. தேனீயும் நுழைய இயலாது.

திருமறையின் காட்டத்தியும், நம் ஆற்றங்கரைகளில் வளரும் அத்தியும் ஒரே பேரினத்தின் ஒரே கிளையைச் சேர்ந்த நெருங்கிய உறவினம். இரண்டிலும் காய்கள் அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் கொத்துக்கொத்தாய்த் தொங்கும். இரண்டிலும் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே காய்க்குள் உள்ளன. ஆனால் பெண் பூக்கள் முதலில் முதிர்கின்றன. ஆண் பூக்கள் பல வாரங்கள் கழித்தே மகரந்தம் தருகின்றன. ஆகையால் ஒரு காய் தன் மகரந்தத்தால் தானே கருவுற முடியாது. வேறொரு காயிலிருந்து யாரேனும் கொண்டுவந்தாக வேண்டும்.

கொண்டுவருவது எள்ளளவேயான ஒரு குளவி. மகரந்தம் சுமந்த பெண் குளவி நுனித் துளையின் செதில்களை நெருக்கிக்கொண்டு உள்ளே புகுகிறது. அம்முயற்சியில் பெரும்பாலும் சிறகுகளை இழக்கிறது. உள்ளேயுள்ள பெண் பூக்களில் சிலவற்றுக்குச் சூல்தண்டு குறுகியது; சிலவற்றுக்கு நீண்டது. குளவி தன் முட்டையிடும் ஊசியைச் சூல்தண்டின் வழியே செலுத்துகிறது. குறுகிய தண்டுள்ள பூவில் ஊசி சூலகத்தை எட்டுகிறது. அங்கே முட்டை இடப்பட்டு, சூலகம் வீங்கிப் புழுவின் வீடாகிறது. நீண்ட தண்டுள்ள பூவில் ஊசி எட்டுவதில்லை. அங்கே மகரந்தம் மட்டும் சேர, அப்பூ விதையாகிறது. இவ்வாறு மரம் சில பூக்களைக் குளவிக்கு ஈந்து, மற்றவற்றில் தன் விதையைப் பெறுகிறது.

காய்க்குள் பிறக்கும் ஆண் குளவிகளுக்குச் சிறகில்லை. அவை பெண் குளவிகளோடு கூடியபின், சுவரைத் துளைத்து வழி உண்டாக்கிவிட்டு மடிகின்றன. அவ்வேளையில் ஆண் பூக்கள் முதிர்ந்திருக்கும். பெண் குளவிகள் மகரந்தத்தை எடுத்து, மார்பிலுள்ள பைகளில் நிரப்பிக்கொண்டு வெளியேறுகின்றன. இவ்வரிய நிகழ்ச்சியைக் கிழக்கு ஆப்பிரிக்காவின் காட்டத்திகளில் ஆராய்ந்து 1960களின் இறுதியில் வெளியிட்டவர்கள் இஸ்ரேல் நாட்டுத் தாவரவியலாரான ஜேக்கப் கலீல், ஐசிகோவிச் ஆகியோர்.

2. விதையற்ற மரம்

காட்டத்தியின் இயற்கைத் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்கப் பகுதி. அங்கிருந்து மிகப் பழங்காலத்தில் அது எகிப்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் வந்தது. ஆனால் மரத்தோடு அதன் மகரந்தக் குளவி வந்து நிலைக்கவில்லை. வேறொரு குளவியே வந்தது. இக்குளவியும் காய்க்குள் புகுந்து முட்டையிடுகிறது. ஆனால் மகரந்தம் சுமப்பதில்லை. மேலும், இதன் ஊசி நீளமானது. குறுந்தண்டுப் பூவையும் நெடுந்தண்டுப் பூவையும் ஒருங்கே எட்டுகிறது. எனவே காய் முழுதும் பூச்சியால் நிறைகிறது, விதை உண்டாவதில்லை.

விதையில்லாத மரம் தானாகப் பரவாது. மனிதர் கிளையை ஒடித்து நட்டால்தான் அடுத்த மரம். ஆகவே யூதாவின் தாழ்நிலத்தில் நின்ற காட்டத்திகள் மனிதர் நட்டு வளர்த்தவை என்று கலீல் முடிவு செய்தார். ‘காட்டத்தி’ என்னும் பெயரிலுள்ள ‘காடு’ இங்கே நம்மை மயக்குகிறது. அது காட்டு மரமன்று, தோட்ட மரம். தாவீதின் அரண்மனையில் ஒலிவ மரங்களுக்கும் காட்டத்திகளுக்கும் தனியே ஓர் அதிகாரி நியமிக்கப்பட்டிருந்ததன் காரணம் இதனால் விளங்கும் (1 நாளாகமம் 27:28). கனியோடு மரமும் பயன்பட்டது. எகிப்தியர் தம் இறந்தோரின் பெட்டிகளையும் இம்மரத்தால் செய்தனர்.

3. கத்தியின் வேலை

இம்மரத்தின் காயை அப்படியே விட்டுவிட்டால் என்ன நிகழும்? குளவிகள் உள்ளே வளரும். அவை வெளிவரும் வேளையில் காய் பழுக்கும். அப்பழம் பூச்சி நிறைந்து உண்ணத் தகாததாயிருக்கும். குளவிகள் முதிர்வதற்கு முன்னரே காயைக் கனியச் செய்ய வேண்டும். அதற்குப் பழங்கால மக்கள் கண்ட வழி, பிஞ்சைக் கத்தியால் கீறுவது.

அரிஸ்டாட்டிலின் மாணவரும் தாவர நூலின் தந்தை எனப்படுபவருமான தியோஃபிராஸ்டஸ், கி.மு. 300ஐ ஒட்டிய காலத்தில் இதனைத் தெளிவாக எழுதியுள்ளார். எகிப்தியர் இரும்பு நகம் போன்ற கருவியால் இக்காயைப் பிறாண்டுகின்றனர் என்றும், பிறாண்டிய காய் நான்காம் நாளில் பழுக்கிறது என்றும் அவர் கூறுகிறார். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமராகிய பிளினியும் இதையே சொல்லி, ஒரு கோடையில் ஏழு முறை இவ்வாறு அறுவடை கிடைப்பதாகவும் குறிப்பிடுகிறார். எகிப்தியக் கல்லறைகளில் கிடைத்த உலர்ந்த காட்டத்திப் பழங்களில் இக்கீறலின் தழும்பு இருக்கிறது.

கீறினால் ஏன் கனிகிறது என்பது முன்னோருக்குத் தெரியாது. அதனை 1972இல் கலீலும் உடனாய்வாளரும் விளக்கினர். காயம்பட்ட திசு எத்திலீன் என்னும் வாயுவை மிகுதியாக வெளிவிடுகிறது. அவ்வாயுவே காயைப் பருக்கவும் பழுக்கவும் செய்கிறது. இவ்வேலை எளிதன்று. காலத்துக்கு முன் கீறினால் பயனில்லை. காலம் தப்பினால் பூச்சி முந்திக்கொள்ளும். ஒரே மரத்தில் வெவ்வேறு பருவத்துக் காய்கள் இருக்கும். ஆகையால் மரமேறி, ஒவ்வொரு காயாகப் பார்த்து, உரிய பருவத்தில் கீறி, மூன்று நான்கு நாளில் மீண்டும் ஏறிப் பறிக்க வேண்டும். எகிப்திலும் சைப்ரஸ் தீவிலும் இப்பழக்கம் 20ஆம் நூற்றாண்டிலும் நிலவியதைக் கலீல் 1968இல் பதிவு செய்தார்.

4. பொருள் மறைந்த வரலாறு

இனி ‘போலேஸ்’ என்னும் சொல்லுக்குத் திரும்புவோம். அரபு மொழியிலும் எத்தியோப்பிய மொழியிலும் இதற்கு இனமான சொல் அத்திப்பழத்தைக் குறிக்கிறது. ஆகவே, பழத்தோடு ஏதோ செய்பவன் என்பது மட்டும் சொல்லிலிருந்து பெறப்படும். என்ன செய்பவன்? எபிரெய மறையை முதன்முதலாகக் கிரேக்கத்தில் பெயர்த்த எழுபதின்மர் மரபினர் இவ்விடத்தில் ‘கீறுகிறவன்’ என்னும் பொருளுள்ள சொல்லை இட்டனர். அவர்கள் எகிப்தின் அலெக்சாந்திரியாவோடு தொடர்புடையவர்கள். காட்டத்தி மரத்தையும் கத்தியோடு ஏறும் தொழிலாளியையும் கண்டிருக்கக் கூடியவர்கள். அறியாத சொல்லுக்கு அவர்கள் தெருவிலிருந்தே பொருள் கண்டனர் எனலாம்.

386 முதல் பெத்லெகேமில் வாழ்ந்த ஜெரோம், தம் இலத்தீன் பெயர்ப்பில் ‘கிள்ளுகிறவன்’ என்று பொருள்படும் சொல்லை ஆண்டார். கீறாவிடில் இக்கனி கசக்கும், சிறு பூச்சிகளால் கெடும் என்னும் செய்தியையும் தம் விளக்கவுரையில் தந்தார். ஆயினும் தெக்கோவாவின் வனாந்தரத்தில் இம்மரம் வளர்வதில்லை என்பதை அறிந்திருந்த அவர், ஒருவேளை முட்புதர்க் கனியே இங்குக் குறிக்கப்படுகிறதோ என ஐயுற்றார்.

ஐரோப்பாவின் வடபகுதியில் இம்மரமே இல்லை. காட்டத்தியைக் குறிக்க எழுபதின்மர் ஆண்ட கிரேக்கச் சொல் முசுக்கட்டை மரத்துக்கும் வழங்கியது. எனவே லூத்தரின் ஜெர்மானியத் திருமறையில் ஆமோஸ் முசுக்கட்டைப் பழம் பறிப்பவரானார். 1611ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருப்புதலில் அவர் காட்டத்திப் பழம் சேர்ப்பவரானார். கத்தி மறைந்தது, கூடை மட்டும் எஞ்சியது. நம் தமிழ்ப் பெயர்ப்பும் இவ்வரிசையிலேயே நிற்கிறது. இதற்காக மொழிபெயர்ப்பாளரைக் குறைகூறுதல் முறையன்று. பூக்களிலும் ஆண் பெண் உண்டென்பதே 1694இல் டியூபிங்கன் நகரத்துக் கமராரியஸ் எழுதிய மடலுக்குப் பின்னரே ஐரோப்பாவில் சோதனையால் நிலைபெறத் தொடங்கிற்று. ஆண் மரம் அருகில்லாத முசுக்கட்டை மரம் கனி தந்தும் அதன் விதைகள் வெறுமையாயிருந்ததைக் கண்டே அவரும் சிந்திக்கத் தொடங்கினார் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

5. விளக்கவுரைக்குப் பயன்

இச்செய்திகளால் மூன்று பயன்கள் விளைகின்றன.

முதலாவது, இடம். தெக்கோவா கடல் மட்டத்துக்குமேல் 800 மீட்டருக்கும் மிகுந்த உயரத்தில் உள்ளது. காட்டத்தியோ உறைபனியைத் தாங்காத மரம். மேல் கலிலேயாவுக்கு எல்லை கூறும் யூத மிஷ்னா, காட்டத்தி வளராத பகுதியே மேல் கலிலேயா என்கிறது. ஜெரோமின் ஐயம் சரியானதே. ஆனால் முடிவு வேறு. மரம் தெக்கோவாவில் இல்லையெனில் ஆமோஸ் மரம் இருக்கும் இடத்துக்கு இறங்கிச் சென்றார். மேற்கே செபேலாத் தாழ்நிலத்துக்கோ, கிழக்கே யோர்தான் பள்ளத்தாக்குக்கோ அவர் பருவந்தோறும் சென்றிருக்க வேண்டும். சகேயு ஏறிய காட்டத்தி எரிகோவில் நின்றதையும் நினைவுகூர்க. ஆமோஸ் வழிகளையும் சந்தைகளையும் அறிந்த மனிதர். அவர் நூலில் வரும் பொய்த் தராசும் தானிய வாணிகமும் கேள்வியறிவு மட்டுமாய் இருந்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, தகுதி. நூலின் முதல் வசனத்தில் அவரைக் குறிக்கும் ‘நோக்கேத்’ என்னும் சொல், 2 இராஜாக்கள் 3:4இல் பெரும் மந்தைகளையுடைய மோவாப் அரசனாகிய மேசாவுக்கே வழங்கியுள்ளது. அதனால் ஆமோஸ் செல்வர் என்று துணிய வேண்டுவதில்லை. ஆனால் அவர் உதிர்ந்ததைப் பொறுக்கி உயிர் வாழ்ந்தவர் அல்லர். கைத்திறனும் பருவ அறிவும் வேண்டப்படும் தொழிலையுடையவர்.

மூன்றாவது, இதுவே முதன்மையானது: அமத்சியாவுக்கு அவர் சொன்ன விடையின் கூர்மை. அமத்சியா பேசியது அப்பத்தைப் பற்றி. தீர்க்கதரிசனம் ஒரு பிழைப்பு என்பது அவன் எண்ணம். அவன் பிழைப்பும் அரச ஆலயத்தில் இருந்தது. ஆமோஸ் தம் ஏழ்மையைக் காட்டி இரக்கம் வேண்டவில்லை. தம் அப்பம் வேறிடத்திலிருந்து வருகிறது என்றார். கத்தியும் மந்தையும் உடையவரை எரொபெயாமின் ஆசாரியன் பட்டினியால் வாயடைக்க முடியாது. ‘பொறுக்குகிறவன்’ என்னும் சொல்லில் அவருடைய தாழ்மை கேட்கிறது. ‘கீறுகிறவன்’ என்னும் சொல்லில் அவருடைய சுதந்தரம் கேட்கிறது. சபையின் ஊதியத்தில் வாழ்ந்துகொண்டே சபைக்கு உண்மையைச் சொல்லக் கடன்பட்டவர்களாகிய நமக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. காயத்தால் கனியும் கனியை அறிந்த பிரசங்கியார், தீர்க்கதரிசி இஸ்ரவேலைக் கீறிப் பழுக்கவைத்தார் என்று உருவகம் கட்ட விரும்புவார். அடுத்த அதிகாரத்தில் வரும் கோடைக்கனிக் கூடை அவ்வாசையை மேலும் தூண்டும். ஆனால் அக்கூடையில் இருந்தவை காட்டத்திக் கனிகள் என்று வசனம் கூறவில்லை. அங்குப் பொருளைத் தருவது ‘கோடைக்கனி’, ‘முடிவு’ என்னும் இரு எபிரெயச் சொற்களின் ஒலி ஒப்புமை. ஆமோஸும் தம் தொழிலை உருவகமாக்கவில்லை, தொழிலாகவே சொன்னார். நாமும் அதனைத் தொழிலாகவே விடுவது நலம்.

எழுபதின்மர் கண்டு எழுதியதை நூற்றாண்டுகள் மறந்தன. அதனை மீண்டும் விளங்கச் செய்தவர்கள் ஒரு சிறு காயைப் பிளந்து, அதன் பூக்களின் தண்டுகளை அளந்த தாவரவியலார். ஆமோஸ் 7ஐ இனிப் போதிக்கும் மாணவர், எபிரெய அகராதியோடு ஓர் அத்திப் பிஞ்சையும் வகுப்புக்குக் கொண்டுசெல்வாராக. அதைப் பிளந்து காட்டினால் போதும். உள்ளே உள்நோக்கி நிற்கும் பூக்களே பாடத்தைத் தொடங்கி வைக்கும்.