வீட்டுக் கடன் வட்டியும் ரிசர்வ் வங்கியும்

இந்தியாவில் வீட்டுவசதி நிதி நிறுவனங்களை வளர்க்கவும் கண்காணிக்கவும் 1988-இல் தேசிய வீட்டுவசதி வங்கி உருவானது. அப்போது கடன் கிடைப்பதே பெரும்பாடு. அதன் நிபந்தனைகள் நியாயமானவையா என்ற கேள்வி பிறகே எழுந்தது.

மாறும் வட்டி பரவிய பின்தான் சிக்கல் முற்றியது. ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் தரும் குறுகியகாலக் கடனுக்கான வட்டியான ரெப்போ விகிதத்தை உயர்த்தினால் வட்டி விரைவில் ஏறும். குறைத்தாலோ அதன் பலன் கடன்தாரரை வந்தடைய மாதக்கணக்காகும். புதிதாக வருபவருக்குக் குறைந்த வட்டி, பல ஆண்டுகள் ஒழுங்காகத் தவணை கட்டியவருக்குக் கூடுதல் வட்டி என்ற அநீதியும் நடந்தது. வேறு வங்கிக்கு மாறலாம் என்றால், கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம். மாறும் வட்டி வீட்டுக் கடன்களுக்கு வங்கிகள் அந்தக் கட்டணம் வசூலிப்பதை 2012-இல் ரிசர்வ் வங்கி தடைசெய்தது. கடன்தாரருக்கு அது பெரிய விடுதலை.

வட்டிக் கணக்கைச் சீராக்குவது அவ்வளவு எளிதாக இல்லை. 2010-இன் அடிப்படை விகிதம், 2016-இன் எம்.சி.எல்.ஆர். (நிதி திரட்டும் செலவு சார்ந்த கடன் விகிதம்) இரண்டும் வங்கிகளின் உள்கணக்கையே சார்ந்திருந்தன. அதில் வங்கிகள் தம் விருப்பப்படி திருத்தங்கள் செய்ததை 2017-இல் ரிசர்வ் வங்கியின் ஆய்வுக்குழுவே சுட்டிக்காட்டியது. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகளின் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டன. வீட்டுவசதி நிதி நிறுவனங்கள் இதற்குள் வராதது பெருங்குறை.

கடனை அடைத்த பிறகும் பத்திரத்துக்காக அலைந்த குடும்பங்கள் பல. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2023 டிசம்பர் 1 முதல், கடன் தீர்ந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். கடன் கொடுத்தவரால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு.