வழுக்குப் பூச்சு

வழுக்குப் பூச்சு என்பது, உடலுக்குள் செலுத்தப்படும் குழாய்களிலும் வைத்தியக் கருவிகளிலும் ரத்தம், சளி, கிருமி முதலியவை ஒட்டிக்கொள்ளாதபடி, அவற்றின் மேற்பரப்பில் மெல்லிய திரவப் படலம் ஒன்றை நிலைநிறுத்தும் முறையாகும். இதன் சரித்திரம் தாமரை இலையில் ஆரம்பித்து, பூச்சிகளைப் பிடித்துண்ணும் குடுவைச் செடியில் வந்து திசை மாறியது.

பட்டும் படாமலும் இருப்பவனைத் தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தபோதிலும், அந்த இலையில் தண்ணீர் ஏன் ஒட்டுவதில்லை என்பது எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பின்னரே துலங்கிற்று. 1970-களில் இலைகளின் மேற்பரப்பை இக்கருவியால் ஆராயத் தொடங்கிய ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட், நைன்ஹூய்ஸ் என்பவருடன் 1997-இல் வெளியிட்ட கட்டுரையில், தாமரை இலையெங்கும் நுண்ணிய மேடுகள் நிறைந்து அவற்றின்மேல் மெழுகுத் துணுக்குகள் படர்ந்திருப்பதையும், உருண்டோடும் நீர்த்துளி தூசியையும் வாரிக்கொண்டு போவதையும் விளக்கினார். இடுக்குகளில் அகப்பட்ட காற்றே துளியைத் தாங்குகிறது என்னும் தத்துவத்தைக் காஸி, பாக்ஸ்டர் என்னும் இருவர் 1944-லேயே கணக்கிட்டிருந்தனர். அழுக்குப் படியாத சுவர்ப் பூச்சு ஒன்று 1999-இல் ஐரோப்பியக் கடைகளுக்கு வந்தது.

சுவருக்கு உதவிய யுக்தி சிகிச்சை அறையில் பலிக்கவில்லை. புரதங்கள் நிறைந்த ரத்தமும், எண்ணெய் போன்ற திரவங்களும், அழுத்தத்துக்கு உட்பட்ட நீரும் காற்றை வெளியேற்றிவிட்டு இடுக்குகளில் புகுந்துகொள்கின்றன; புகுந்தபின் அந்த இடுக்குகளே அழுக்குக்கு உறைவிடமாகிவிடும்.

இந்தச் சிக்கலுக்கு வழி காட்டியது நெபந்தஸ் என்னும் குடுவைச் செடி. மேகாலயத்தின் காசி மலைகளிலும் இலங்கையிலும் இதன் இனங்கள் உண்டு. குடுவையின் வாய்விளிம்பு உலர்ந்திருக்கும்போது எறும்பு அதன்மேல் தாராளமாக நடமாடுகிறது. மழைநீரோ தேனோ படர்ந்து நனைத்துவிட்டால், பாதத்துக்கும் விளிம்புக்கும் இடையே நீர்ப்படலம் நின்று, எறும்பு சறுக்கி உள்ளே விழுகிறது. போன், ஃபெடர்லே என்னும் ஆய்வாளர்கள் 2004-இல் இதை நிரூபித்தனர்.

ஹார்வர்டு சர்வகலாசாலையின் ஜோனா ஐசன்பெர்க் குழுவினர், காற்றை அடைத்து வைப்பதைவிடத் திரவத்தையே அடைத்து வைப்பது மேல் என்று துணிந்து, நுண்துளைகள் கொண்ட பரப்பில் ஃப்ளூரின் சேர்ந்த எண்ணெயை ஊறவைத்து, தம் முறையை 2011-இல் பிரசுரித்தனர். நீர், எண்ணெய், ரத்தம் மூன்றும் அதில் வழுக்கி ஓடின. கீறல் விழுந்தால் ஒரு விநாடிக்குள் எண்ணெய் பரவி அதை மூடிற்று. 680 வளிமண்டல அழுத்தத்திலும் குணம் மாறவில்லை. அடுத்த ஆண்டு இதே வகைப் பரப்பில் சூடோமோனாஸ் கிருமியின் படலம் ஏழு நாட்களில் 99.6 சதவீதம் ஒட்டாமல் தடுக்கப்பட்டது.

வைத்தியத்தைப் பொறுத்தமட்டில், 2014-இல் டொனால்ட் இங்பர் குழுவினர் செய்ததே ஆகச்சிறந்த காரியம் எனலாம். துளையில்லாத வழவழப்பான குழாயின்மேலும் திரவம் நிற்கும்படி, முதலில் ஃப்ளூரின் மூலக்கூறுகளை ரசாயனப் பிணைப்பால் நட்டு, அதன்மேல் பெர்ஃப்ளூரோடெகலின் என்னும் திரவத்தைப் படரவிட்டனர். செயற்கை ரத்தத் தயாரிப்பில் பயன்பட்டிருந்த திரவம் அது. சுவரில் தலைகீழாக நடக்கும் பல்லி வகையாலும் அந்தப் பரப்பைப் பற்ற முடியவில்லை. பன்றியின் தமனியையும் சிரையையும் இணைத்த அத்தகைய குழாயில், ரத்தம் உறையாமலிருக்க வழக்கமாகக் கொடுக்கப்படும் ஹெப்பாரின் இல்லாமலே எட்டு மணி நேரம் ரத்தம் ஓடியது. ஹெப்பாரினால் கட்டுக்கடங்காத ரத்தப்போக்கு நேரும் அபாயத்தை அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

உள்நோக்கிக் கருவியின் கண்ணாடி முனையில் ரத்தமும் சளியும் அப்பிக்கொண்டு காட்சி மறைய, வைத்தியர் கருவியை வெளியே இழுத்துத் துடைத்து மறுபடி செலுத்துவது நித்திய தொல்லை. ஒளி புகும் சிலிகாப் படலத்தில் எண்ணெய் ஊட்டிய பூச்சு ஒன்று, பன்றியின் சுவாசக் குழாயில் கண்ணாடியைத் தெளிவாக வைத்திருந்ததை 2016-இல் ஐசன்பெர்க் குழுவினர் காட்டினர்.

ஆயினும், செடிக்கு மழையும் தேனும் புதுப்பித்துத் தரும் படலம் கருவியில் தானாக ஊறுவதில்லை. ரத்த ஓட்டத்தில் எண்ணெய் சிறிது சிறிதாகக் குறைந்து போகிறது. ஃப்ளூரின் சேர்மங்கள் பல எளிதில் சிதையாமல் மண்ணிலும் நீரிலும் தங்கிவிடுவதால், சிலிகோன் எண்ணெய் போன்ற மாற்றுகளையும் ஆய்வாளர்கள் சோதிக்கின்றனர். நோயாளியின் உடலில் வாரக்கணக்கில் இருக்க வேண்டிய குழாய்க்கு இப்பூச்சு போதுமா என்ற கேள்விக்கு, பன்றியில் நடந்த எட்டு மணி நேரப் பரிசோதனை விடையாகாது.