தோரோட்ராஸ்ட் - 'நானோ' என்ற பெயர் பிரபலமாகும் முன்பே...

பெட்ரோமாக்ஸ் விளக்கு ஞாபகம் இருக்கிறதா? கரண்ட் சரியாக வராத காலத்தில், திருத்தணி மாதிரியான கோயில் ஊர்களில் சாமி ஊர்வலத்துக்கு முன்னால் தலையில் சுமந்து போவார்களே, அதேதான். அதற்குள் வெள்ளையாக ஒளிவிடும் வலைக்கு மேண்டில் என்று பெயர். அந்த வெளிச்சத்தைக் கொடுத்தது தோரியம் ஆக்சைடு.

தோரியம் நம்மூர்ச் சரக்குதான். திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். அதைத் தேடி வந்து மணவாளக்குறிச்சியில் ஆலையும் போட்டார். (அந்த ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956ல். திருத்தணி சேர்ந்தது 1960ல்.) மோனசைட்டில் இருப்பதுதான் தோரியம்.

தோரியத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் அணு கனமானது, எக்ஸ்-ரேயை நன்றாகத் தடுக்கும். எக்ஸ்-ரே படத்தில் எலும்பு தெரியும், ரத்தக்குழாய் தெரியாது. தெரிய வேண்டுமானால் உள்ளே எதையாவது செலுத்த வேண்டும். லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் 1927ல் சோடியம் அயோடைடைச் செலுத்தி மூளையின் ரத்தக்குழாய்களைப் படம் எடுத்தார். ஆனால் அது நோயாளிக்கு வலி கொடுத்தது.

அப்போது வந்ததுதான் ஜெர்மனியின் ஹெய்டன் கம்பெனி தயாரித்த தோரோட்ராஸ்ட். சில நானோமீட்டர் அளவே உள்ள தோரியம் ஆக்சைடு துகள்கள் கலந்த திரவம். வலி இல்லை, படமோ பளிச்! 1931லிருந்து மோனிஸும் இதற்கே மாறினார். உலகம் முழுக்கப் பல லட்சம் பேருக்குச் செலுத்தினார்கள். ஜப்பானில் காயம்பட்ட போர்வீரர்களுக்கும் செலுத்தினார்கள்.

தோரியம் கதிரியக்கப் பொருள் என்பது தெரியாமல் நடந்ததா என்றால், இல்லை. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழு 1932லேயே எச்சரித்தது. உடனே யாருக்கும் எதுவும் ஆகவில்லை, அதனால் யாரும் கேட்கவில்லை.

அந்தத் துகள்கள் சிறுநீரில் வெளியேறவில்லை. ஈரலில் உள்ள குப்ஃபர் செல்கள் அவற்றை விழுங்கி அப்படியே வைத்துக்கொண்டன. மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் இதே கதைதான். தோரியம் பாதியாகக் குறைய 1,400 கோடி வருடங்கள் ஆகும்! ஆக, ஒரே ஒரு ஊசி ஆயுள் முழுக்க உள்ளிருந்தே சுட்டது. இருபது, முப்பது வருடம் கழித்து ஈரல் புற்றுநோய் வந்தது. 1950களில்தான் பயன்பாடு நின்றது.

விநோதம் என்னவென்றால், 1996ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெரிடெக்ஸும் அதே குப்ஃபர் செல்களை நம்பித்தான் வேலை செய்தது. இது இரும்பு ஆக்சைடு நானோ துகள். எம்.ஆர்.ஐ. படத்தில், துகளை விழுங்கிய நல்ல ஈரல் கறுத்துத் தெரியும். அந்தச் செல்கள் இல்லாத கட்டி வெளுப்பாகத் தனித்து நிற்கும். வேலை முடிந்ததும் உடல் அந்த இரும்பைக் கரைத்து ரத்தத்துக்கு எடுத்துக்கொள்ளும். ஆனால் சந்தையில் இதற்கு ஆயுசு குறைவு, 2008ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.